அடி ஒன்றுதானே, தண்டனை மட்டும் ஏன் இரண்டு விதம்?

கேள்வி: "ஒருவரை அடித்தால் அதற்கென்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இனம், சாதி, மதம் பார்த்து அடித்தால் மட்டும் தண்டனையைக் கூட்டுவது ஏன்? மனதில் இருப்பதற்கெல்லாம் தண்டனை கொடுக்கலாமா?"

இந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தது ஒரு காவல் நிலையத்தில். நண்பர் ஒருவர் இரவு வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தார். வழியில் நின்ற இருவர் அவரை நிறுத்திப் பெயர் கேட்டார்கள். சொன்னார். பெயரைக் கேட்டதும் அடித்தார்கள். பணத்தைத் தொடவில்லை, போனைத் தொடவில்லை. புருவத்துக்கு மேல் நான்கு தையல். புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் "வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பு" என்று எழுதினார். "சார், தகராறே நடக்கவில்லை. பெயரைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள், அதை எழுதுங்கள்" என்றோம். "அடிச்சாங்களா இல்லையா? அதுதானே கேஸு. எதுக்கு அடிச்சா என்ன?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த சில வாரங்களில் அது கண்முன்னால் தெரிந்தது. தையல் போட்ட இடம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அவரைப் போன்ற பெயர் உள்ளவர்கள் இருட்டிய பிறகு அந்த வழியில் நடப்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் மகளை மாலை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். இன்னொருவர் தன் சிறு பையனிடம், வெளியில் யாராவது பெயர் கேட்டால் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல் என்று சொல்லிக்கொடுத்தார். இவர்களில் ஒருவர்மீதும் அடி விழவில்லை. அதே இடத்தில் வழிப்பறி நடந்திருந்தால் எல்லோருமே கொஞ்ச நாள் கவனமாக இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். பெயரை எங்கே வைத்துவிட்டுப் போவது?

ஆகவே காயம் ஒன்றாக இருந்தாலும் செய்த தீங்கு ஒன்றில்லை. கூடுதல் தண்டனை அந்தக் கூடுதல் தீங்குக்கு.

சரி, மனதில் இருப்பதற்குத் தண்டனையா என்ற பகுதிக்கு வருகிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. அந்தப் புகாருக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு தந்தவை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் சிலுவையை எரித்த வழக்கில் (கறுப்பினத்தவரை மிரட்ட அங்கே இனவெறியர்கள் செய்வது அது), வெறுப்பு அடையாளங்களைத் தடைசெய்த செயின்ட் பால் நகரத்தின் விதியையே அந்த நீதிமன்றம் 1992இல் செல்லாது என்றது. பேச்சின் கருத்தைப் பார்த்து அந்த விதி தண்டித்தது என்பதுதான் காரணம். எரித்தவரை வேறு குற்றப் பிரிவுகளில் தண்டிக்க எந்தத் தடையும் இல்லை. அடுத்த ஆண்டே, 1993இல், விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்றில் கூடுதல் தண்டனை செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்கே தாக்கப்பட்டவன் வெள்ளையினச் சிறுவன், தாக்கியவர்கள் கறுப்பின இளைஞர்கள். சிறுவன் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அந்தக் குற்றத்துக்கு வழக்கமான உச்சத் தண்டனை 2 ஆண்டு. இனம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்ததால் அது 7 ஆண்டு வரை போகலாம் என்றாகி, தூண்டிவிட்டவருக்கு 4 ஆண்டு விதித்தார்கள்.

வெறுப்பை மனதில் வைத்திருக்கலாம், பேசவும் செய்யலாம். அதை வைத்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கைவைத்தால் அந்தத் தேர்வு ஒரு செயல். கூலிக்காகக் கொன்றானா, ஆத்திரத்தில் கொன்றானா என்று பார்த்துத் தண்டனையை நிர்ணயிப்பது நீதிமன்றங்களுக்குப் புதிதில்லை. அப்புறம், இந்தச் சட்டங்கள் சிறுபான்மையினருக்கு மட்டும் என்று சொல்பவர்களுக்கும் அந்த விஸ்கான்சின் வழக்கே பதில். ஆனால் எல்லாச் சட்டமும் அப்படிப் பொதுவானதில்லை. இந்தியாவின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரிந்தேதான் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பாதுகாக்கிறது. நூற்றாண்டுகளாக ஒரே பக்கமாக விழுந்த அடிக்காக வந்த சட்டம் அது. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை.

நான் தயங்கும் இடமும் உண்டு. உள்நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? நியூஜெர்சியில் ஒருவர் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கிச் சுட்டார். உச்சத் தண்டனை 10 ஆண்டு. இனவெறிதான் காரணம் என்று நீதிபதியே தீர்மானித்து 12 ஆண்டு கொடுத்தார். அப்படிச் செய்யக் கூடாது, உச்சத்தைத் தாண்ட வேண்டுமானால் அந்தக் காரணத்தையும் ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு) முன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, 5க்கு 4 என்ற கணக்கில். சுட்டவர் மேல் எனக்கு ஒரு துளி இரக்கமும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி. அடித்ததை நிரூபிக்கும் அளவுக்கே ஏன் அடித்தான் என்பதையும் நிரூபிக்காமல் ஒருவரின் வாழ்க்கையில் இரண்டு ஆண்டைக் கூட்டி எடுக்கக் கூடாது.

பிரிட்டனின் 1998 சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சாதாரணத் தாக்குதலுக்கு 6 மாதம் என்றால் இனவெறி கலந்த தாக்குதலுக்கு 2 ஆண்டு வரை. வெறுப்பால் தூண்டப்பட்டிருந்தாலும் சரி, வேறு சண்டையின் நடுவே இனத்தைச் சொல்லித் திட்டியிருந்தாலும் சரி, இரண்டும் அதில் அடங்கும். இரண்டாவதும் கேவலம்தான். ஆனால் பெயர் கேட்டுவிட்டு அடிப்பதோடு அதை ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

இந்தியாவில் சிக்கல் நேர் எதிரானது. பெரும் குற்றங்களில், "பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால்" செய்தது என்று நிரூபித்தால்தான் வன்கொடுமைச் சட்டத்தின் ஆயுள் தண்டனை என்று முன்பு இருந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை "என்று தெரிந்தே" என மாற்றியது. அந்த மாற்றத்தின் அருமையைப் பழைய வாசகப்படி நடந்த ஒரு வழக்கில் பார்க்கலாம். பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு நேர்ந்த பாலியல் வன்முறையில், 2021இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் சாதிதான் காரணம் என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைப் பிரிவை மட்டும் நீக்கியது. சாதி ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சான்று இல்லாமல் போனது புலனாய்வில்.

இன்னொன்று. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் செய்யும் கொலையைத் தனியாகச் சொல்கிறது. தண்டனை, மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சாதாரணக் கொலைக்கும் அதே தண்டனைதான். பட்டியலில் மதம் என்ற சொல்லும் நேரடியாக இல்லை. அப்படியானால் இது வீண் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணத்தைக் காவல்துறை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதனால் வந்தால் அதுவே பெரிய விஷயம்.

வெறியோடு கிளம்புகிறவன் இரண்டு ஆண்டா, ஏழு ஆண்டா என்று கணக்குப் பார்த்து நிற்பான் என்று நான் நம்பவில்லை. என் கவலை காவல் நிலையத்தில் எழுதும் முதல் தாளைப் பற்றியது. லண்டனில் 1993இல் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கைக் காவல்துறை சொதப்பியதை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இது இனவெறிச் சம்பவம் என்று கருதினாலே காவல்துறை அதை அப்படிப் பதிய வேண்டும் என்றது அது. தீர்ப்பு வேறு, பதிவு வேறு. நிரூபிப்பது பிறகு நடக்கட்டும், முதலில் எழுது என்பதுதான்.

நண்பரின் புகாரில் அந்த வரி கடைசிவரை சேரவில்லை. கைகலப்பு வழக்காகவே முடிந்தது. அடித்த இருவரும் அபராதம் கட்டினார்கள். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி நடந்தால், அடிக்கும் முன்பும் அடிக்கும்போதும் சொன்ன சொற்களை, வாயால் சொல்லக் கூசும் வசையானாலும், அன்றே அப்படியே எழுதிக் கொடுங்கள். அவை இல்லாமல் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் போட்டுவிட்டோம்.