அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, இடுப்புல இருந்து கால்வரை இழுக்குது. ஸ்டீராய்டு இல்லாத ஊசி இருக்கா?

இருக்கு. குடியாத்தத்தில் தறிக்குழியில் உட்காருபவர், இழுப்பு கால் கட்டைவிரல் வரை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் எல்-5, அதாவது இடுப்புத் தண்டுவடத்திலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. சுண்டுவிரல், உள்ளங்கால் என்றால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்-1.

என்ன மருந்து என்பது இருக்கட்டும், ஊசி எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஊசி போடும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துப் போடுகிறார்களா என்று கேளுங்கள். குப்புறப் படுக்கவைத்து, மெல்லிய முதுகுத்தண்டு ஊசியை நரம்பு வெளிவரும் துளையருகே கொண்டுபோய், எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் 1 மில்லி விடுவார்கள். நரம்போடு கோடாக ஓடினால் சரி. விட்டதுமே மறைந்தால் ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது, ஊசியை நகர்த்த வேண்டும். வால் எலும்புத் துளை வழியாகவும் போடலாம். அதற்கு மருந்து அதிகம், 10 மில்லிக்கு மேல் போகும்.

ஸ்டீராய்டுக்குப் பதில் மரப்பு மருந்தும் சலைனும் மட்டும் போடலாம், அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். குளுக்கோஸ் என்றதும் பதறாதீர்கள்: 10 மில்லியில் அரை கிராம்தான். அப்பா குடிக்கும் டீயில் ஒரு ஸ்பூன் போட்டாலே நாலைந்து கிராம். ஸ்டீராய்டு போட்டால்தான் சில நாள் சர்க்கரை எகிறும்.

பி.ஆர்.பி. என்பது சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது. முதல் சில நாள் வலி கூடலாம், பலன் தெரிய வாரங்கள் ஆகும். அந்தச் சமயத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம் என்பார்கள்; தட்டணுக்களின் வேலையை அது கெடுக்கும். செலவுக்கேற்ற ஆதாரம் இன்னும் இல்லை என்பது என் கணிப்பு. ஸ்டீராய்டுக்கு நான் எதிரியில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஒருமுறை போடுவதில் தப்பில்லை.

எரிச்சல் வேறொன்றில்தான். தெருமுனை கிளினிக்கில் பெயர் சொல்லாமல் பிட்டத்தில் போடும் 'வலி ஊசி'யில் பலமுறை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு வேண்டாம் என்பவரே மாதம் இரண்டு வாங்கிக்கொண்டிருப்பார். காலி மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஊசிக்குப் பின் கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம், பைக்கில் அழைத்துப் போகாதீர்கள்.

குதிகாலால் நடக்க முடியாமல் பாதம் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஊசிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவு. இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்தால் அது சர்க்கரை செய்த வேலையாக இருக்கலாம். இடுப்பில் எந்த ஊசி போட்டாலும் அது கேட்காது.