கப்பல் மேசை: கயிற்றில் சிக்கியவர்களின் கேள்விகள்

பிளாஸ்டிக் பாய்மரக் கப்பல் மாடல் செய்கிறவர்களின் கேள்விகளுக்கு இந்த முறை முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறேன். சொல்லிவைத்தாற்போல் முக்கால்வாசிப் பேர் கயிற்றிலேயே வந்து சிக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஹெல்லர் கம்பெனியின் ‘விக்டரி’ கிட், 1/100 அளவு, பரிசாக வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன். இதுவரை நான் செய்ததெல்லாம் விமானங்கள்தான். துணிந்து இறங்கலாமா?

மூடியது நல்ல காரியம். 1765-இல் நீரில் இறங்கி, 1805-இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனைச் சுமந்த கப்பல் அது. 3 பாய்மரம், 104 பீரங்கி. நிஜக் கப்பலில் ஓடிய கயிற்றின் நீளம் மட்டும் சுமார் 26 மைல் என்பார்கள். அதை முதல் கப்பலாக எடுத்தால் பாதியில் அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும்.

முதலில் ஒரு ஸ்கூனர் செய்யுங்கள். 2 பாய்மரம், பாய்கள் கப்பலின் நீளவாக்கில். குறுக்கு மரங்கள் அதிகம் இருக்காது என்பதால் கயிறும் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இங்கே பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: சுலபமாக இருக்கட்டும் என்று உள்ளங்கை அளவு மூன்றுமரக் கப்பலை வாங்குகிறார்கள். கயிறு குறையாது, விரல் நுழையும் இடம்தான் குறையும். பார்க்க வேண்டியது கயிற்றமைப்பு எளிதா என்பதை. கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கையேட்டில் உடலை முழுதாக ஒட்டி, தளம் வைத்து, பாய்மரம் நட்டு, கடைசியாகத்தான் கயிறு என்று போட்டிருக்கிறது. அந்த வரிசையிலேயே போகலாமா?

போகலாம், போனால் அவஸ்தைப்படுவீர்கள். கயிறு கட்டும் வேலை, உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். தளத்தில் கயிறு மாட்டும் சின்னச் சின்ன வளையங்கள் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கும். நூலை இழுத்தால் அவை கையோடு வந்துவிடும். அவற்றைச் சீவி எறிந்துவிட்டு, மெல்லிய செம்புக் கம்பியை ஒரு துளையூசியின் தண்டில் சுற்றி முறுக்கினால் அருமையான வளையம் கிடைக்கும். தளத்தில் துளையிட்டுச் செருகி, அடிப்பக்கமாக வாலை மடக்கி ஒட்டுங்கள். தளத்தை உடலுக்குள் பொருத்திவிட்டால் அடிப்பக்கம் கைக்கு எட்டாது. கயிற்றைச் சுற்றிக் கட்டும் முளைகளும் இதே கதைதான். பிளாஸ்டிக் முளை இருந்தால் பித்தளைக்கு மாற்றுங்கள். கப்பல் நிற்கப் போகும் தாங்கிக்கு உடலின் அடிப்பக்கத்தில் துளை போடுவதும் இப்போதே.

அடுத்தது கப்பிகள். பாய் தொங்கும் குறுக்கு மரத்தைப் பருமல் என்பார்கள். அதில் வர வேண்டிய எல்லாக் கப்பிகளையும் பருமல் மேசையில் கிடக்கும்போதே கட்டிவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேராக, இரண்டு கையும் மேசைமேல் ஊன்றியபடி ஒரு நிமிஷத்தில் முடிகிற முடிச்சு அது. அதையே கப்பலில் ஏற்றியபின் கட்டப் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கயிறு கட்டும் வரிசை: நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பாய்மரத்தின் காலடியில் முடிகிற கயிறுகளைப் பக்கச் சுவரோரக் கயிறுகளுக்கு முன்னால் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கயிற்றையும் கட்டுமுன், ‘இதைக் கட்டினால் எந்த இடத்துக்கு விரல் போகாது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேலை பாக்கி இருந்தால் கயிறு காத்திருக்கட்டும்.

கேள்வி: நூலை இறுக்கினால் பாய்மரம் வளைகிறது. தளர்த்தினால் நூல் தொங்குகிறது. என்னதான் செய்வது?

இந்தக் கேள்வி மட்டும் நிறையப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கிட்டில் வருவது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். மரம்போல் விறைப்பானது அல்ல. மேலே போகப் போக மெலிகிற பாய்மரத்தில், இருப்பதிலேயே ஒல்லியான நுனியைத்தான் அதிகக் கயிறுகள் பிடித்து இழுக்கின்றன. எனவே முதல் வைத்தியம் எலும்பு போடுவது. பாய்மரத்தின் கீழ்ப்பகுதியான அடிமரம் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். ஒட்டுமுன் உள்ளே ஓர் எஃகுக் கம்பியை வைத்துவிடுங்கள். மேல்மரம் ஒரே துண்டாக, குச்சிபோல் வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் கம்பியிலோ மரத்திலோ அதே அளவுக்குச் செய்து வையுங்கள். பெயின்ட் அடித்தபின் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வைத்தியம், எந்தக் கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது. பாய்மரத்தை நிறுத்திவைக்கும் நிலைக்கயிறுகளில், முன்னால் இழுப்பது ஸ்டே. பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் இழுப்பவை ஷ்ரவுட். மேல்மரங்களிலிருந்து பின்வாக்கில் இறங்குவது பேக்ஸ்டே. முன்னால் ஒன்றை இறுக்கினால் பின்னால் இரண்டு பக்கமும் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். நிஜக் கப்பலில் செய்த மாதிரியே செய்யுங்கள்: முதலில் வலப்புறத்து முன் ஜோடி ஷ்ரவுட், அப்புறம் இடப்புறத்து முன் ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். ஒரே கயிறு மடிந்து பாய்மரத்தின் தலையில் கழுத்துமாலையாக விழுந்து இரண்டு காலாக இறங்கும், அதனால்தான் ஜோடி. ஸ்டே அதற்குப் பிறகு, அந்த மாலைகளின் மேல் வந்து உட்காரும்.

எதையும் உடனே ஒட்டிவிடாதீர்கள். ஒரு பாய்மரத்துக்கான நிலைக்கயிறுகள் எல்லாம் தற்காலிக முடிச்சில் நிற்கட்டும். கப்பலை முகத்துக்கு நேராகத் திருப்பி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள். மரம் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் அது பல கப்பல்களுக்கு இயல்பு. ஆனால் வில்லாக வளைந்திருந்தால் எங்கோ ஓர் இழுப்பு கூடிப்போயிருக்கிறது. எல்லாம் சரி என்று பட்டபிறகே பசை.

இறுக்கம் என்பதே நேராகத் தெரியும் அளவுக்குத்தான். வீணைத் தந்தி அளவுக்கு வேண்டாம்.

கேள்வி: ஷ்ரவுடில் ஏணிப்படி போல வரும் ராட்லைன்களைக் கட்டும்போது ஷ்ரவுடுகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் இடுப்பு விழுந்துவிடுகிறது. கிட்டோடு வந்த வார்ப்பு ஏணியையே வைத்துவிடலாமா?

வார்ப்பு ஏணியை வைத்தால் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் கப்பலில் பார்வையை முதலில் இழுப்பது அந்த ஏணிதான். கட்டிப் பாருங்கள், பழகிவிடும்.

முதலில் இடைவெளி. நிஜத்தில் மாலுமி கால் வைத்து ஏறுகிற படி, 13 முதல் 15 அங்குலத்துக்கு ஒன்று. 1/96 அளவில் சுமார் 3.5 முதல் 4 மி.மீ. ஒரு வெள்ளைத் தாளில் இந்த இடைவெளியில் கோடு போட்டு, ஷ்ரவுடுகளின் சாய்வுக்கு ஏற்ற வடிவில் வெட்டி, பின்னால் செருகிக்கொள்ளுங்கள். கோடுகள் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், ஷ்ரவுடுக்குச் செங்குத்தாக அல்ல. இதைத் தவறவிட்டால் ஏணி முழுக்கச் சாய்ந்து நிற்கும்.

முடிச்சு, குளோவ் ஹிட்ச். நூல் ஷ்ரவுடை ஒரு சுற்றுச் சுற்றி, தன்மேலேயே குறுக்காக ஏறி, இன்னொரு சுற்றுச் சுற்றி, அந்தக் குறுக்கின் அடியில் நுழைந்து வெளியே வரும். இடுக்கி நுனியால் மெதுவாக இழுத்தால் இரண்டு சுற்றும் பக்கம் பக்கமாக ஒட்டி உட்காரும். இந்த இடத்தில்தான் இடுப்பு விழுகிறது: முடிச்சை இறுக்கும்போது நூலை அடுத்த ஷ்ரவுடின் திசையில் இழுக்கிறீர்கள். முடிச்சைத் தனக்குள் மேலும் கீழுமாக இறுக்குங்கள். அடுத்த ஷ்ரவுடுக்குப் போகும் நூல் சும்மா, தொய்யவும் இல்லாமல் இழுபடவும் இல்லாமல், போய்ச் சேர வேண்டும். கூடவே, கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று ஷ்ரவுடுகளுக்குக் குறுக்கே மெல்லிய விறைப்புக் கம்பியைத் தற்காலிகமாகக் கட்டிவைத்தால் ஷ்ரவுடுகள் நகராது. கீழிருந்து வரிசையாகக் கட்டாமல், நாலைந்து படிக்கு ஒன்று என்று முதலில் கட்டிவிட்டு, இடையில் விட்டதைப் பிறகு நிரப்புங்கள்.

ஒவ்வொரு வரிசையின் இரண்டு ஓரத்திலும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு புள்ளி. கோணலாகிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அவிழ்க்கலாம். சூப்பர் க்ளூவுக்கு அந்தக் கருணை கிடையாது: நூல் விறைத்து, மடங்கும் இடத்தில் ஒடிந்துபோகும், பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் விடும். அதற்கு என் மேசையில் ஒரே ஒரு வேலைதான். நூலின் நுனியை அதில் நனைத்து, காய்ந்ததும் சாய்வாக வெட்டினால் ஊசியே இல்லாமல் கப்பித் துளையில் நுழையும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கத்தில் சில வரிசை, எதிர்ப்பக்கத்தில் அதே அளவு. அதற்குமேல் கண் ஏமாற்றத் தொடங்கும்.

கேள்வி: கிட்டில் வந்த நூல் பஞ்சுபோல் முடி விட்டிருக்கிறது. என்ன நூல் வாங்கலாம்? என்ன நிறம், என்ன கனம்?

நல்ல முறுக்குள்ள பாலியஸ்டர் நூல். நைலான் வேண்டாம், இழுபடும். பருத்தி பார்க்க அழகு, ஆனால் மயிர் விடும், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கவும் செய்யும். பாலியஸ்டரின் பளபளப்பை, நீர் கலந்த மங்கல் பூச்சு கொஞ்சம் தடவிப் போக்கலாம்.

நிறத்தில் 2 கட்சி போதும். நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், எனவே கறுப்புக்கு அருகில் வரும் அடர்பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்கும் ஓடுகயிறுகள் சணல் நிறம். தேயிலை ஏற்றிய ‘கட்டி சார்க்’ கப்பலைச் செய்கிறவர்கள் கவனிக்க: 1869-இல் அது கட்டப்பட்டபோது நிலைக்கயிறுகளில் இரும்புக் கம்பிவடம் வந்துவிட்டது. ஆகவே சணற்கயிற்றுக் காலத்துப் போர்க்கப்பலைவிட மெல்லிய நூல் போட வேண்டும்.

கனத்துக்கு ஒரு கணக்கு. பழைய பட்டியல்களில் கயிற்றின் அளவு என்று போட்டிருப்பது சுற்றளவு. 12 அங்குலக் கயிறு என்றால் 3.14-ஆல் வகுங்கள், விட்டம் 3.8 அங்குலம், அதாவது 97 மி.மீ. 1/96-இல் அது 1 மி.மீ. 3 அங்குலக் கயிறு அதே அளவில் கால் மி.மீ. கிட்டில் ஒரே கனத்தில் இரண்டு உருண்டை நூல் கொடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதுவே என்பார்கள். ஐந்தாறு கனமாவது வையுங்கள். கப்பலுக்குக் கம்பீரம் வருவது அதில்தான்.

கேள்வி: ‘கட்டி சார்க்’ அடிப்பாகத்துக்குச் செம்பு நிறம் அடிக்கச் சொல்கிறது கையேடு. சரியா?

அந்தக் கப்பலின் அடியில் பொதிந்திருந்தது மன்ட்ஸ் மெட்டல். செம்பு 60 பங்கு, துத்தநாகம் 40 பங்கு. பித்தளைச் சாயல்தான் வரும். புதுப் பாத்திரம் மாதிரி மின்ன விடாமல் மங்கலாக்குங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பாய்களை மாட்டலாமா?

எனக்குப் பிடிக்காது. அந்தத் தடிமனை 96 மடங்கு பெருக்கினால் பலகை மாதிரி ஆகிவிடும். அவிழ்த்த பாய் வேண்டாம் என்றால் வெறும் பருமல் வையுங்கள். இல்லை, சுருட்டிக் கட்டிய பாய் செய்யுங்கள்: மெல்லிய டிஷ்யூ தாளில், நிஜப் பாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுத் துணியையும் சுருட்டினால் போர்வை சுற்றிய மாதிரி உப்பிவிடும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பாய் விரியாதபோது மேல் பருமல்கள் இறங்கித்தான் நிற்கும். கையேட்டுப் படத்தில் அவை உச்சியில் இருக்கும், ஏனென்றால் அந்தப் படம் பாய் விரித்த கப்பலுடையது.

கேள்வி: எல்லாக் கயிறும் கட்டியே ஆக வேண்டுமா? எதை விடலாம்?

விடலாம். ஆனால் விடுவதில் நியாயம் இருக்க வேண்டும். பாயே இல்லாத கப்பலில், பாயைத் தூக்கிச் சுருட்டும் பன்ட்லைன்கள் தேவையில்லை. பாயைக் கழற்றும்போது அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. பாயின் கீழ்மூலைகளைப் பிடிக்கும் ஷீட்டும் க்ளூலைனும் மட்டும் ஒன்றோடொன்று மாட்டப்பட்டுப் பருமல் நுனியில் தொங்கும். அப்படி மாட்டிவிட்டால், விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே நின்று பார்ப்பார்.

பருமலைத் தாங்கும் லிஃப்ட், திருப்பும் பிரேஸ், இவற்றை விடவே கூடாது. பிரேஸ் இல்லாத பருமல் கடிவாளம் இல்லாத குதிரை. ஒரு பாய்மரத்தில் விட்டதை மற்ற பாய்மரங்களிலும் விடுங்கள். அது அரைகுறையாகத் தெரியாது.

கேள்வி: முடித்து ஒரு வருஷம் ஆகிறது. தூசி தட்டினால் நூல் அறுகிறது.

தட்டாதீர்கள். பெரிய, மெத்தென்ற மேக்கப் பிரஷால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நுழையாத இடத்துக்குக் கையால் அமுக்கும் காற்றுப் பந்து. பாலிஸ்டைரீன் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், எனவே துணியால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் இழுக்கும்.

நிரந்தரத் தீர்வு கண்ணாடிப் பெட்டி, நேர் வெயில் படாத இடத்தில். பெட்டிக்கு அளவெடுக்கும்போது தளத்தின் நீளத்தை எடுக்காதீர்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போஸ்பிரிட் நுனியிலிருந்து பின்கோடி வரை எடுங்கள். அகலம், இருப்பதிலேயே நீளமான பருமலின் நுனிக்கு நுனி. இரண்டிலும் பக்கத்துக்கு 2 விரல்கடை கூட்டிச் சொல்லுங்கள்.