மேசை ரம்பம்: தூசிக் கவசத்தை எப்போது கழற்றலாம்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வீட்டுக் கொட்டகையில் 10 அங்குல மேசை ரம்பம் இருக்கிறது. பிளேடுக்கு மேல் தூசி உறிஞ்சும் கவசம் பொருத்தியிருக்கிறேன். ஒரு அங்குலத்துக்கும் குறைவான பட்டைகளை அறுக்கும்போது, கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ளும் தள்ளுகட்டை அதில் இடிக்கிறது. கழற்றினால் எம்டிஎஃப் (மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை) தூள் முகத்தில் அடிக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது?”

இரண்டில் ஒன்றைத்தான் விட வேண்டும் என்றால் உறிஞ்சலை விடுங்கள். நுரையீரலுக்கு முகமூடி போட்டுக்கொள்ளலாம், விரலுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆனால் பெரும்பாலான வேளைகளில் அந்த நிலைக்கே போக வேண்டியதில்லை.

முதலில் பட்டை விழும் பக்கத்தை மாற்றுங்கள். பலகையை நேராக வழிநடத்தும் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் அகலமான பலகை ஓடட்டும். மெல்லிய பட்டை பிளேடின் வெளிப்பக்கம் பிரியட்டும். கவசம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், தள்ளுகட்டைக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஃபென்ஸை நகர்த்த வேண்டும் என்பது தொல்லைதான். மேசையில், பலகையின் வெளிவிளிம்பு முட்டும் இடத்தில், ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்திக்கொண்டால் பட்டைகள் ஒரே அகலத்தில் வரும். அந்தக் கட்டை பிளேடுக்கு முன்பே, நீங்கள் நிற்கும் பக்கமாகவே முடிந்துவிட வேண்டும். பிளேடுக்குப் பக்கவாட்டில் நீண்டால் பட்டையைப் பிளேடோடு சேர்த்து நெருக்கிவிடும்.

பலகையே குறுகலாக இருந்தால் கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் பிளேடின் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற மெல்லிய தகட்டைக் கழற்றாதீர்கள். அறுத்த பிளவு மூடிக்கொண்டு மரம் பின்பற்களில் சிக்காமல் காப்பது அதுதான். நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் 10 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சிக்கிய மரத்தை அந்த வேகத்தில்தான் உங்கள் வயிற்றை நோக்கி எறியும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் கவசத்தோடு, இதே வேலையைச் செய்யும் பிளவுத்தகடும் சேர்ந்தே கழன்றுவிடும். அப்படியானால் தனியாக ஒரு பிளவுத்தகடு பொருத்தும்வரை கவசம் இல்லாமல் நீளவாக்கில் அறுக்காதீர்கள்.

முகத்தில் தூள் அடிப்பதற்குக் கவசம் இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. எம்டிஎஃப் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீவுகிறீர்களா? பிளேடின் ஒரு பக்கம் திறந்தவெளியாக இருந்தால் பற்கள் தூளை நேராக உங்கள் மீது வாரி இறைக்கும். இரு பக்கமும் மரம் இருந்தால் தூளில் பெரும்பகுதி பல்லிடுக்குகளில் ஏறிக் கீழே போய்விடும். ஆகவே வெட்டி எறியும் பக்கத்தில் ஐந்தாறு மில்லிமீட்டராவது மிஞ்சும்படி பலகையைத் திட்டமிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே பலன் கண்ணுக்குத் தெரியும்.

கீழே போகும் தூளை இழுக்க 4 அங்குலக் குழாயும், தூசி இழுக்கும் விசிறியான புளோயரும் வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனருக்கு இழுவிசை உண்டு, காற்றின் அளவு போதாது. அதை மேல் கவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரம்பத்தின் அடிப்பெட்டியின் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுவதும் தவறு. உள்ளே காற்று நுழைய வழி இல்லாவிட்டால் புளோயர் எதை இழுக்கும்?

கவசம் இல்லாத நேரத்தில் என்95 முகமூடி கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. எம்டிஎஃப் தூளில் பசையும் கலந்திருக்கிறது.

தூசியை உறிஞ்சுவதே பலகையைக் கட்டுப்படுத்தும் வேலைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபென்ஸின் அடியில் சேரும் தூள் பலகையை ஒட்டவிடாமல் தள்ளும், அறுப்பு கோணலாகும், பிளேடு மரத்தில் சிக்கிக்கொள்ளும். அந்தத் தூளை இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். பிளேடு ஓடும்போது கையால் தட்டிவிடுவது பலருக்கும் பழக்கம், மிகக் கெட்ட பழக்கம்.

மேல் கவசத்தின் குழாயைக் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடுங்கள். தொய்ந்து பலகை வெளியேறும் வழியில் கிடந்தால் பாதி அறுப்பில் மரம் முட்டி நிற்கும். பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேர்ந்து சுருக்கென்று அடித்தால் கை தன்னிச்சையாக உதறும். குழாயில் செம்புக் கம்பி சுற்றி இயந்திரத்தின் எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.