சிற்றலையின் நடுக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பரணில் கிடந்த தாத்தாவின் ரேடியோவைச் சரிசெய்து ஒரு மாதமாகச் சிற்றலை கேட்கிறேன். பகலில் 41 மீட்டரில் வெறும் இரைச்சல்தான். இருட்டியதும் சீனம், அரபி என்று என்னென்னவோ மொழிகள் வருகின்றன. ஆனால் எட்டு மணிக்கு மேல், நல்ல வலுவாகக் கேட்கும் நிலையம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் படபடவென்று நடுங்குகிறது. மார்ச் மாதம் முழுக்க இப்படித்தான். மெக்கானிக் செட்டில் கோளாறே இல்லை என்கிறார். பிறகு ஏன் இப்படி? எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இதை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

செட்டை மறுபடி பிரிக்க வேண்டாம். மெக்கானிக் சொன்னது சரி. அந்த நடுக்கம் மேலூருக்கு மேலே இருக்கும் வானத்திலிருந்து வருகிறது.

பகல் இரைச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் இருக்கும்வரை, மின்னேற்றம் பெற்ற துகள்கள் கொண்ட 'டி' அடுக்கு என்று ஒன்று இருக்கும். உங்கள் 41 மீட்டர் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகளை அது உறிஞ்சிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். அப்புறம் அந்த அலைகள் 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள 'எஃப்' அடுக்குவரை போய் வளைந்து பூமிக்குத் திரும்பும். 49, 41 மீட்டர்கள் இரவுக்கு, 19, 16 மீட்டர்கள் பகலுக்கு என்று பழைய நேயர்கள் சொல்வது இதனால்தான்.

இனி நடுக்கம். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். மேலூரும் மதுரையும் அந்தக் கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கின்றன. சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் எஃப் அடுக்கு சட்டென்று மேலே எழும்புகிறது. உலை கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி கிளம்புமே, அதுபோல அந்த அடுக்கின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த பெரும் குமிழிகள் கிளம்பி மேலே ஏறுகின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் அலை பல வழிகளில் உங்கள் ஏரியலுக்கு வந்து சேர்கிறது. ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வருவதால் குரல் நொடிக்குப் பல தடவை ஏறி இறங்குகிறது. நீங்கள் கேட்ட படபடப்பு அதுதான்.

நம் பக்கத்தில் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இன்னும் அதிகம். 1938-ல் புக்கர், வெல்ஸ் என்ற இருவர் பெருவில் உள்ள உவாங்காயோவில் பதிவான அளவீடுகளை வைத்து இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அந்த ஊரும் காந்த நடுக்கோட்டை ஒட்டியதுதான். ஐரோப்பாவில் உட்கார்ந்து ஐரோப்பிய நிலையங்களைக் கேட்பவருக்கு இது கிடைக்காது. உங்கள் மொட்டைமாடிக்குத் தானாக வருகிறது. எவ்வளவு பெரிய கொடுப்பினை, யோசித்துப் பாருங்கள்!

வீட்டில் கேட்பதற்கு என் அனுபவத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். நாகமலைப் பக்கம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பிபிசி தமிழோசையோடுதான். 1941-ல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. அன்று நிகழ்ச்சி முடிந்த பிறகும் எனக்குச் செட்டை அணைக்க மனம் வரவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செய்தி போனில் வந்துவிடும். ஆனால் அந்தக் குரல் வந்த பாதை, வழியில் அது பட்ட பாடு, எதுவும் போனில் தெரியாது. அதன் பிறகுதான் மொழி புரியாத நிலையங்களைக்கூடப் பாதைக்காகக் கேட்க ஆரம்பித்தேன். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், பகலில் சிற்றலை சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம்வரைகூட அடங்கிப்போகும். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அவர்கள் படமெடுக்கும் அதே சூரியனின் வேலையை நாம் மலைக்குக் கீழே ரேடியோவில் கேட்கிறோம்.

சரி, இனி செய்ய வேண்டியது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பத்து மீட்டர் செம்புக் கம்பி வாங்கி, மின்கம்பிகளுக்கு எட்டத்தில் மாடியில் இழுத்துக் கட்டுங்கள். இடி மழை வந்தால் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் இரைச்சல் கிளப்பும். கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, அலைவரிசை எண், உலக நேரப்படி நேரம். உலக நேரம் என்பது நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தது. கூடவே, எப்படிக் கேட்டது என்று மதிப்பிடும் சின்போ எண்கள் ஐந்து: வலிமை, குறுக்கீடு, இரைச்சல், பரவலில் தடுமாற்றம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 5 நல்லது, 1 மோசம். நடுங்கும் நாளில் நான்காவது எண் 2-க்கு இறங்கும். கேட்ட நிகழ்ச்சியின் விவரத்தோடு நிலையத்துக்கு எழுதினால் சிலர் வண்ண அட்டை அனுப்புவார்கள். அது வந்தால் மகிழ்ச்சி. ஆனால் எனக்கு அந்த நான்காவது எண்தான் முக்கியம்.

ஜூன் மாத இரவுகளையும் விடாமல் குறித்து வையுங்கள். அதே நிலையம், அதே எட்டு மணி. ஜூலையில் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், என் நோட்டோடு வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்.