பார்ட்டர், ஸ்வாப்: என்ன வேறுபாடு?

கேள்வி: ஆங்கிலத்தில் பார்ட்டர், ஸ்வாப் ஆகிய இரு சொற்களுக்கும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல் என்றே பொருள் கூறப்படுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலான இடங்களில் எழுதக் கூடாது. பார்ட்டர் என்பது வணிகம். பணத்தைப் பயன்படுத்தாமல், ஒரு பொருளையோ உழைப்பையோ கொடுத்து, அதற்கு ஈடான வேறொரு பொருளையோ உழைப்பையோ பெறுவதையே அச்சொல் குறிக்கிறது. உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற பண்டமாற்று இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எத்தனை படி உப்புக்கு எத்தனை படி நெல் என்ற மதிப்பீடும் பேரமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

ஸ்வாப் என்பதில் இந்தக் கணக்கு கட்டாயம் இல்லை. ரயிலில் இருவர் இருக்கையை மாற்றிக்கொள்வதும், செவிலியர் இருவர் பணிமுறையை மாற்றிக்கொள்வதும் ஸ்வாப்தான். அவற்றைப் பார்ட்டர் என்று எழுதினால் பிழை. பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை கைமாறுவதால்தான் ‘ஸ்வாப் சீட்ஸ்’ என்று பொருளைப் பன்மையில் வைத்துச் சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் இயல்பாக இருக்கிறது. பார்ட்டருக்கு அந்த அமைப்பு பொருந்தாது. வியப்பு என்னவென்றால், ஸ்வாப் என்பதன் பழைய பொருள் அடித்தல் என்பதே. பேரம் படிந்ததற்கு அடையாளமாகக் கையோடு கை தட்டும் வழக்கத்திலிருந்து இன்றைய பொருள் பிறந்தது. பேரத்தில் பிறந்த சொல்லே இன்று பேரமில்லாத மாற்றத்துக்கும் வழங்குகிறது.

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வந்தன. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய 2021 டிசம்பரில், ஈரானிடமிருந்து முன்பு வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டாலர் கடனை, மாதம் 5 மில்லியன் டாலர் மதிப்புள்ள தேயிலையால் அடைப்பதென்று ஒப்பந்தமாயிற்று. எண்ணெய்க்குத் தேயிலை என்பதால் செய்தியாளர்கள் அதைப் பார்ட்டர் என்றனர். அடுத்த மாதமே இந்திய ரிசர்வ் வங்கி 400 மில்லியன் டாலரை இலங்கைக்கு அளித்தது. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கரன்சி ஸ்வாப். ஒரு நாணயத்துக்கு ஈடாக மற்றொரு நாணயம் கைமாறி, தவணை முடிந்ததும் திரும்பி வருவதே அதன் முறை. கைமாறுவது பணமே என்பதால் அதைப் பார்ட்டர் என்று சொல்ல வழியில்லை.

நம் மொழியில் ‘மாற்றிக்கொள்’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் இக்குழப்பம் நேர்வது இயல்பே. தமிழில் எழுதும்போது பார்ட்டருக்குப் பண்டமாற்று என்பதையும், ஸ்வாப்புக்கு மாற்றிக்கொள்ளுதல் என்பதையும் நிலையாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பார்ட்டர் அவே’ என்ற தொடரை மட்டும் தனியே கவனியுங்கள்: உரிமை போன்ற அரியதொன்றை அற்ப ஆதாயத்துக்காக விட்டுக்கொடுப்பதை அது குறிக்கும்; அங்கே பண்டமாற்று என்ற சொல் பொருந்தாது.