வாசகர் கேள்வி: மரம் அசைந்தாலும் கம்பி அறாதிருக்க

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன் நான். எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் 90 அடி இடைவெளியில் நிற்கும் பனைக்கும் புளியமரத்துக்கும் நடுவே, 7.1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்காக 35 அடி உயரத்தில் டைபோல் ஆண்டெனா (நடுவில் இரு பாதிகளாகப் பிரிந்த கம்பி) கட்டினேன். இரு முனைகளையும் நன்றாக இறுக்கியிருந்தும் ஆடிக் காற்றில் இருமுறை அறுந்துவிட்டது. இன்னும் தடித்த கம்பி போடலாமா? உயரம் போதுமா?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: நீங்கள் இறுக்கிக் கட்டியதுதான் கம்பிக்கு வினையாகிவிட்டது. பனை ஒரு போக்கில் அசைய, புளியங்கிளை வேறொரு போக்கில் அசையும். இரண்டும் எதிரெதிராகச் சாயும் கணத்தில் அந்த இழுவை முழுவதையும் கம்பியே தாங்க வேண்டியிருக்கிறது. தடித்த கம்பி பாரத்தைத்தான் கூட்டும்.

பனையில் மரமேறுபவரைக் கொண்டு ஒரு முனையை நிலையாகக் கட்டிவிடுங்கள். புளியின் பருத்த கவட்டில் சிறிய கப்பி ஒன்றைத் தொங்கவிட்டு, மறுமுனைக் கயிற்றை அதன் வழியே இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய கேனை, ஏறக்குறைய 5 கிலோ எடையில், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் தொங்கவிட்டால், மரம் அசையும்போது கேன் ஏறி இறங்குமே தவிர கம்பியின் இழுவை பெரிதும் மாறாது. நடுவில் ஒரு முழமோ இரண்டு முழமோ தொய்வு இருக்கும். அதைக் கண்டு எடையைக் கூட்டிவிடாதீர்கள். வீட்டு ஒயரிங்கிற்கான மென்செம்புக் கம்பி இழுவையில் நீண்டுவிடும் என்பதால், கிடைத்தால் கடினச் செம்புக் கம்பியே நல்லது. கப்பியைக் கட்டும் கயிறு கிளையை நெரிக்காதபடி பழைய சைக்கிள் டயர்த் துண்டை இடையில் வையுங்கள்.

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு அது சுமார் 20.1 மீட்டர். பக்கத்துக்குப் பத்தரை மீட்டராக வெட்டி, ஆண்டெனா 7.1க்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். உங்கள் இடைவெளியில் இருபுறமும் பத்தடிக்குக் குறையாமல் கயிறு மிஞ்சுவது ஒரு நன்மை. மின்னழுத்தம் மிகுந்த முனைகள் ஈர இலைகளில் படாமல் விலகி நிற்கும்.

35 அடி என்பது இந்த அலையின் நீளத்தில் கால் பங்கு. அலை பெரும்பாலும் மேல்நோக்கிச் சென்று வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தமிழ்நாட்டுக்குள்ளும் இலங்கையோடும் பேச அது தாராளமாகப் போதும். தொலைநாடுகளுக்கு அதைப்போல் இருமடங்கு உயரம் வேண்டும்.

தெருவில் செல்லும் மின்கம்பியின் பக்கம் ஆண்டெனா அறுந்தாலும் விழக்கூடாது. ஐப்பசி இடி தொடங்குமுன் ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளை வானொலிக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.