மாதாமாதம் வாங்கும் மாத்திரைகள்: மருந்தாளுநர் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேலாக மெடிக்கல் கவுண்டரில் நிற்கிறேன். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள், அவற்றின் சீட்டு, இவை பற்றி மட்டும் கேளுங்கள்.

கும்பகோணம்: அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய சீட்டிலேயே பிரஷர் மாத்திரை வாங்குகிறோம். தப்பா?

தப்புதான். 1945-ஆம் வருட மருந்து விதிகளின்படி, இத்தனை முறை கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் அதிலேயே குறிக்க வேண்டும். பல கடைகள் இதைப் பார்ப்பதில்லை.

சட்டத்தை விட எனக்குக் கவலை உடம்பைப் பற்றி. எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் மூன்று வருடம் ஒரே அளவு சாப்பிட்டார். இடையில் ஆள் நன்றாக இளைத்துவிட்டார். ஒருநாள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், எழுந்தாலே தலைசுற்றுகிறதாம். பார்த்தால் பிரஷர் 100/60. டாக்டர் அளவைப் பாதியாக்கினார். அடுத்த முறை போகும்போது "மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது முடிந்ததும் அப்பாவை நேரில் காட்டுங்கள்.

சேலம்: காலி அட்டையைக் காட்டி வாங்கினால் போதாதா?

போதாது. சுகர் மாத்திரையில் ஜிபி 1, ஜிபி 2 என்று வரும். அட்டை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கிளிமிப்பிரைடு என்ற சுகர் மருந்து இரண்டு மடங்கு. பத்து மாத்திரை அட்டையில் நாலு வெட்டிக் கொடுத்தால் தேதியும் அளவும் இருக்கும் ஓரம் கடையிலேயே தங்கிவிடும். சீட்டைக் கொண்டு வாருங்கள்.

நாகர்கோவில்: தைராய்டு மாத்திரையை வேறு கம்பெனியாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

டாக்டர் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. தைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் சாப்பிடும் மருந்து. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்.

மதுரை: கம்பெனிகளுக்கு வக்காலத்தா? முதல்வர் மருந்தகத்திலும் ஜன் ஔஷதியிலும் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

அய்யா, என் அம்மாவுக்குச் சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு ஆம்லோடிபினும் ஜன் ஔஷதியில்தான் வாங்குகிறேன். குறைந்த விலையில் எனக்குச் சந்தோஷம்தான். யாருக்கும் தெரியாமல் மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மதுரை: டாக்டர் கம்பெனி பெயர்தானே எழுதுகிறார்? நாங்கள் என்ன செய்வது?

உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பெயர் தெரியாததால் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா பழைய அட்டையில் ஒன்று, புது அட்டையில் ஒன்று என்று தினமும் போட்டிருக்கிறார். கம்பெனி வேறு, நிறம் வேறு, இரண்டுமே டெல்மிசார்ட்டன் 40 என்ற ஒரே பிரஷர் மருந்து. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சின்ன எழுத்தைக் காட்டினேன், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையோடு வெளியே வாங்கியதையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. விலை பற்றி நீங்கள் சொல்வது சரி. பெயரையும் படித்து வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

ஈரோடு: அப்பாவின் பழைய சீட்டுக்குத் தூக்க மாத்திரை கிடைக்குமா?

கிடைக்காது. அல்பிரசோலம் போன்றவை எச்1 என்ற கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறும், அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

தஞ்சாவூர்: அட்டையை வாட்ஸப்பில் அனுப்பினால்?

சேலத்துக்குச் சொன்னதுதான். சீட்டு வேண்டும்.

வேலூர்: சுகர் நார்மல் ஆகிவிட்டது, நிறுத்தலாமா?

டாக்டரைக் கேளுங்கள். நான் சொல்லக் கூடாது.

திருநெல்வேலி: ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டால்?

தீர விடாதீர்கள், ஒரு வாரத்துக்கு மீதி இருக்கும்போதே வாங்குங்கள். அட்டினோலால் என்ற பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரல், இவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தீர்ந்தே போனால் சீட்டோடு அங்குள்ள டாக்டரைப் பாருங்கள்.

விழுப்புரம்: அம்மாவுக்கு ஏழு மாத்திரை. ஒவ்வொன்றும் ஒரு தேதியில் தீர்கிறது.

எல்லாம் ஒரே நாளில் தீரும்படி எண்ணிக்கை எழுதித் தர டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் வீட்டில் இருக்கும் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சீட்டோடு உங்கள் மருந்தாளுநரிடம் கொண்டு போங்கள். மத்தியானம் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து எண்ணித் தருவார்.